சுழலும் குழல்களும் தாமதிக்கும் விரலும்

திருப்பூரின் நிட்டிங் கொட்டகை ஒன்றில், பனியன் துணி பின்னும் வட்ட யந்திரத்தின் முன்னே கால்மணி நேரம் பொறுமையாக நின்று பார்க்கிறவனுக்கு முதலில் புலப்படுவது நூலுமல்ல, துணியுமல்ல. நடுவில் ஓயாது சுழலும் சிலிண்டரும், அதன் விளிம்பில் அலை அலையாக எழுந்து தாழும் ஊசிகளுமே. 30 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 ஊசி என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிலிண்டரைச் சுற்றிச் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றேனும் தன்னிச்சையாக அசைவதில்லை. ஒவ்வோர் ஊசியின் உடம்பிலும் துருத்திக்கொண்டு நிற்கும் சிறு கட்டை, 'பட்' என்று தொழிலாளர் சொல்வது, சிலிண்டர் சுழலச் சுழல, சுற்றிலும் அசையாமல் நிற்கும் கேம்களின் தடத்தில் ஏறி இறங்குகிறது. ஏறும்போது ஊசி வாய் திறந்து நூலுக்குக் காத்திருக்கிறது. இறங்கும்போது நூலை வாங்கிப் பழைய கண்ணியின் வழியே இழுத்துப் புதுக் கண்ணியாக்குகிறது. சுற்றியிருக்கும் 90 பீடர்களில் ஒவ்வொன்றிலும் இதே காரியம். யந்திரம் நிமிஷத்துக்கு 25 சுற்றுச் சுற்றினால், ஒரே ஓர் ஊசி ஒரு நிமிஷத்தில் 2,250 தடவை எழுந்து தாழ்கிறது. ஆயினும் ஊசியைப் பார்த்தால் அவசரப்படுவதாகத் தோன்றுவதில்லை. அவசரமெல்லாம் சுழற்சியில் அடங்கிவிடுகிறது.

சுழலும் உடல், அசையாத தடம், தடத்தில் ஓடி ஓடித் தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும் உறுப்பு ஆகிய இந்த மூன்றின் சேர்க்கையை, 1862-ஆம் ஆண்டு அமெரிக்கரான ரிச்சர்ட் காட்லிங் ஒரு துப்பாக்கிக்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். அவர் படைக்கலம் செய்து பழகியவர் அல்லர். வட கரோலினாவில் பிறந்து, விதை விதைக்கும் யந்திரங்கள் செய்து பிழைத்தவர். அவருடைய துப்பாக்கியில் பல குழல்கள் ஓர் அச்சைச் சூழ்ந்து நின்றன. ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் ஒரு போல்ட். அந்தப் போல்ட்டின் மூக்கு, அசையாத கூட்டினுள் வெட்டிய வளைவுத் தடத்தில் ஓடும். கூடு நிற்கிறது, குழல்கள் சுழல்கின்றன. ஒரு சுற்றுக்குள் தோட்டாவை வாங்குவது, அடைப்பது, சுடுவது, வெற்றுக்கூட்டை இழுப்பது, வெளியே தள்ளுவது என்ற ஐந்து காரியங்களும் ஐந்து ஸ்தானங்களில் முறையே நிகழ்ந்துவிடுகின்றன. நாக்கு ஊசியை லெஸ்டர் நகரத்து மாத்யூ டௌன்செண்ட் உருவாக்கியது இதற்குச் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான். ஒன்றைக் கண்டு மற்றொன்று பிறந்தது என்று நான் சாதிக்கவில்லை. வேகத்தை அவசரமின்றிச் சாதிக்கும் உபாயம் ஒரே தலைமுறையில் நெசவிலும் யுத்தத்திலும் புகுந்தது என்பதே விசேஷம்.

காட்லிங்கின் யந்திரம் அந்த நூற்றாண்டோடு வழக்கொழிந்தது. ஒற்றைக் குழல் துப்பாக்கிகள் அதை விரட்டிவிட்டன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அது ஆகாய விமானங்களில் மறுபிறவி எடுத்து, அங்கிருந்து யுத்தக் கப்பல்களின் மேல்தளத்துக்கு இறங்கிவந்து, இன்று கப்பலின் கடைசிக் காவலாக நிற்கிறது. கடலைக் காணக் கிழக்கிலும் மேற்கிலும் நெடுந்தூரம் போகவேண்டிய ஊரிலிருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுவானேன் என்று கேட்பவர் உண்டானால், நிட்டிங் யந்திரத்தை ஒருமுறை பார்த்தவனுக்கு இந்தப் பீரங்கியின் உள்ளே நடப்பது பாதி தெரிந்ததுபோலத்தான் என்பது முதற்காரணம். மற்றொரு காரணம் பின்னால் வரும். அது திருச்சியையும் இராமநாதபுரத்தையும் சேர்ந்தது.

இத்தகைய பீரங்கி ஏன் வேண்டியதாயிற்று என்பதை உலகுக்குக் கற்பித்தவர்களுள் நாமும் உண்டு. 1967 அக்டோபர் 21-இல் போர்ட் செய்து துறைமுகத்தருகே, எகிப்தின் சிறு படகுகள் ஏவிய சோவியத் ஸ்டிக்ஸ் ஏவுகணைகள் இஸ்ரேலின் எய்லாட் என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தபோது, உலகக் கடற்படைகள் திடுக்கிட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவில், நிர்காட், நிபாட், வீர் என்ற நம்முடைய மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியை நோக்கிச் சென்றன. நிர்காட் ஏவிய ஸ்டிக்ஸ், பாகிஸ்தானின் கைபர் என்னும் நாசகாரியை நோக்கி இருட்டில் ஓர் ஒளிப்பிழம்பாக வந்தது. கைபர் மாலுமிகள் சோம்பிக் கிடந்தவர்கள் அல்லர். வந்ததை விமானம் என்று எண்ணித் தம் போஃபர்ஸ் பீரங்கிகளால் அதை நோக்கிச் சுட்டார்கள். அது விமானமன்று, திரும்பவுமில்லை, விலகவுமில்லை. சில நிமிஷங்களுக்குப் பின் இரண்டாவது ஏவுகணையும் தாக்கியது. 222 பேர் மாண்டார்கள். அந்த இரவின் வெற்றியை ஆண்டுதோறும் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அதே இரவை எதிர்த்தரப்பின் தளத்தில் நின்று எண்ணிப்பார்க்கும் மாலுமிக்குத்தான் இந்தக் கட்டுரையின் பீரங்கி எதற்கென்பது விளங்கும். கைபரின் பீரங்கிகள் சுட்டன. பார்த்துக் குறிவைத்தது மனிதக் கண், திருப்பியது மனிதக் கை. விமானத்துக்குப் போதுமான அந்த வேகம் இதற்குப் போதவில்லை.

கணக்கு எளிது. கடல் மட்டத்துக்கு 20 மீட்டர் உயரத்தில் ராடார் ஆன்டெனா இருக்கிறது என்றும், ஏவுகணை அலைகளுக்கு 5 மீட்டர் மேலே தவழ்ந்து வருகிறது என்றும் கொள்வோம். பூமியின் வளைவு காரணமாக, சுமார் 27 கிலோமீட்டர் வரும்வரை அது ராடாருக்குத் தென்படாது. ஒலியின் வேகத்துக்குச் சற்றே குறைவாக, விநாடிக்கு 300 மீட்டர் வீதம் அது வந்தால், கண்டதிலிருந்து படுவதற்குள் ஒன்றரை நிமிஷம். எதிர் ஏவுகணைகளும், ராடாரை ஏமாற்றும் உலோக இழைத் தூவலும் தம் கைவரிசையைக் காட்டவேண்டிய அவகாசம் அதுவே. அவையெல்லாம் தவறிய பிறகு, பீரங்கி நிச்சயமாகச் சேதப்படுத்தக்கூடிய தொலைவு இரண்டு கிலோமீட்டருக்குள். அரைக் கிலோமீட்டருக்கும் உள்ளே வந்துவிட்டதை உடைத்தும் பெரும் பயனில்லை. உடைந்த துண்டுகளும் எரியாத எரிபொருளும் அதே வேகத்தில் கப்பலின்மேல் வந்து விழும். ஆக மிஞ்சுவது ஒன்றரைக் கிலோமீட்டர். காலத்தில் சொன்னால் 5 விநாடி. நம்முடைய பிரம்மோஸ் போல ஒலியைவிட ஏறத்தாழ மும்மடங்கு வேகத்தில் வருவதானால் அந்த ஐந்தும் சுருங்கி ஒன்றரை ஆகிவிடும்.

இதில் மற்றொரு சங்கடமும் கலந்திருக்கிறது. சுட்ட குண்டும் உடனே போய்ச் சேர்வதில்லை. ஒன்றரைக் கிலோமீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு விநாடிக்கும் மேலாகலாம். அதற்குள் ஏவுகணை 600 மீட்டர் முன்னேறியிருக்கும். ஆகையால் பீரங்கி சுடுவது ஏவுகணையை அன்று. ஏவுகணை வரப்போகிற இடத்தை. அந்த இடத்தில் குண்டுகளால் ஒரு வேலி போட்டுவிட்டால், ஏவுகணை தானே வந்து அதில் மோதிக்கொள்ளும். வேலி அடர்த்தியாக இருக்கவேண்டும். இல்லையேல் இரண்டு குண்டுகளின் இடைவெளியில் அது நழுவிப்போகும்.

அந்த அடர்த்திக்காகத்தான் காட்லிங்கின் சுழற்சி மீண்டும் அழைக்கப்பட்டது. நம் கடற்படையின் பெரும்பாலான பெரிய கப்பல்களில், 2022-இல் கொச்சியில் சேவையில் சேர்ந்த விக்ராந்த் வரைக்கும், காணப்படும் ஏ.கே.-630 இதற்கு நல்ல உதாரணம். சோவியத் நாட்டின் துலா நகரத்தில் வசிலி கிரியாஸெவ், அர்க்காடி ஷிபுனோவ் என்ற இரு நிபுணர்கள் வடிவமைத்த ஆறு குழல் பீரங்கி அதன் உட்கரு. குழலின் உள்விட்டம் 30 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 4,000 முதல் 5,000 குண்டு. ஐந்தாயிரம் என்பதை விநாடிக் கணக்கில் வகுத்தால் 83. முன்சொன்ன ஐந்து விநாடிக்குள் நானூறு குண்டுக்கு மேல். ஆறு குழலுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் விநாடிக்குப் பதினான்குதான் வருகிறது. ஒற்றைக் குழலை விநாடிக்கு 83 தடவை வெடிக்கச் செய்தால் அது சிவந்து வளைந்துபோகும். ஆறு குழல்களும் முறைபோட்டுக்கொண்டு சுடுவதால் ஒவ்வொன்றும் இளைப்பாற நேரம் கிடைக்கிறது. அப்படியும் போதாமல், ஆறையும் ஓர் உறைக்குள் அடக்கி உள்ளே குளிர்நீர் ஓடவிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கரின் ஃபாலங்க்ஸ் பீரங்கியும் ஆறு குழல்தான். ஆனால் அதன் குழல் 20 மில்லிமீட்டர். வெளியிலிருந்து தரும் விசையால் அது சுழல்கிறது. துலாவின் பீரங்கியோ சுட்ட தோட்டாவின் வாயுவையே திருப்பித் தனக்கு உந்துவிசையாக்கிக்கொள்கிறது. நம் கொட்டகையோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு சுவையான வேற்றுமை தென்படும். நூல் அறுந்தால் நிட்டிங் யந்திரம் தானே நின்று விளக்கைப் போட்டு ஆளை அழைக்கும். அதுவே அதன் புத்திசாலித்தனம், இல்லையேல் துணி முழுவதும் ஓட்டையாகிவிடும். சுழல் பீரங்கியில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் யந்திரம் நிற்பதில்லை; அதை வெற்றுக்கூட்டைப்போலவே வெளியே தள்ளிவிட்டு அடுத்த குழலுக்குப் போய்விடும். பின்னலில் குறையில்லாமை முக்கியம். இங்கே நில்லாமை முக்கியம்.

ஆனால் குழல் எத்தனை வேகமாகச் சுழன்றாலும் சுட்டிக்காட்டும் கண் இல்லையேல் அது வாணவேடிக்கையே. ஃபாலங்க்ஸின் சிறப்பு இந்தக் கண்ணில்தான் இருக்கிறது. வெண்ணிறக் குவிமாடத்துக்குள் இருக்கும் அதன் ராடார், வருகிற ஏவுகணையை மட்டுமின்றித் தான் சுட்ட குண்டுகளின் தாரையையும் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அடுத்த குண்டுகளை அதற்கேற்பத் திருத்துகிறது. தேடுவது, இனங்காண்பது, சுடுவது, அழிந்ததா என்று பார்ப்பது அனைத்தையும் மனித உதவியின்றி அதனால் செய்யமுடியும். 1973-இல் கிங் என்ற கப்பலில் பரீட்சிக்கப்பட்டு 1980-இல் சேவைக்கு வந்தது. நம் நாட்டில் ஏ.கே.-630-ஐத் தயாரிப்பது கல்கத்தாவின் காசிப்பூர் பீரங்கித் தொழிற்சாலை. 1801-இல் கம்பெனியார் காலத்தில் தொடங்கியது. குறிகாட்டும் சாதனங்களைப் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது. லிங்க்ஸ்-யு2 என்ற அதன் சுடுதல் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் பதின்மூன்றுக்கு, 2023 மார்ச்சில் 1,700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தமாயிற்று. பீரங்கிக்கு ஒரு விலை. பீரங்கியின் கண்ணுக்கு அதனினும் பெரிய விலை என்று வாசகர் அனுமானித்துக்கொள்ளலாம்.

குண்டு எப்படிப்பட்டது என்பதிலும் இரு தரப்புக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. துலாக்காரர் வெடித்துச் சிதறும் குண்டை விரும்பினர். அமெரிக்கரோ வெடிமருந்தே இல்லாத, ஊசிபோன்ற கன உலோகத் தண்டை வேகத்தின் பலத்தால் மட்டுமே ஏவுகணையின் வெடிதலைக்குள் செருகிவிட விரும்பினர். அந்த உலோகம் ஆதியில் சக்தி குன்றிய யுரேனியம், பின்னர் டங்ஸ்டன். டங்ஸ்டன் கலவையைத் தூளாக அழுத்திச் சுட்டுத் தண்டாக்கும் கலை திருச்சிக்கும் பழக்கமானதே. அங்குள்ள கன உலோக ஊடுருவித் தொழிற்சாலை அதைக் கப்பலுக்கல்ல, டாங்கிக் குண்டுகளுக்குச் செய்கிறது.

இனி இந்தப் பீரங்கிகளின் சரித்திரத்தைப் புரட்டுவோம். இவ்வளவு சாமர்த்தியமான யந்திரம் தோற்ற இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், குழல் தோற்ற கதை அரிதாகவே கிடைக்கிறது. 1987 மே 17-இல் பாரசீக வளைகுடாவில் ஸ்டார்க் என்ற அமெரிக்கக் கப்பலை ஈராக்கிய விமானம் ஒன்று ஏவிய இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகள் தாக்கி 37 பேர் மாண்டபோது, அதன் ஃபாலங்க்ஸ் நல்ல நிலையில்தான் இருந்தது; தானாகச் சுடும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை, அவ்வளவே. ஈராக் அப்போது எதிரி அன்று. எதிரியல்லாதவன் பக்கம் விசையைத் திறந்துவைக்க எந்தத் தளபதிக்கும் மனம் வராது. 2006 ஜூலை 14-இல் லெபனான் கரையோரம் இஸ்ரேலின் ஹனிட் கப்பலில் ஃபாலங்க்ஸோடு பாரக் எதிர் ஏவுகணையும் இருந்தது, இரண்டும் உறங்கின. எதிரியிடம் அப்படிப்பட்ட ஏவுகணை இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை. நால்வர் இறந்தார்கள்.

அப்படியானால் விசையை எப்போதும் திறந்தே வைத்திருக்கலாமே என்பார்க்கு விடை 1991-லும் 1996-லும் இருக்கிறது. 1991 பிப்ரவரி 25-இல், ஈராக்கிய ஏவுகணை ஒன்றை ஏமாற்றுவதற்காக மிஸ்ஸௌரி என்ற பெருங்கப்பல் உலோக இழைகளை ஆகாயத்தில் தூவியது. பக்கத்தில் சென்ற ஜாரெட் கப்பலின் ஃபாலங்க்ஸ், தானாகச் சுடும் நிலையில் இருந்ததால், அந்த இழை மேகத்தையே பகையென்று கொண்டு சுட்டது. குண்டுகள் சில மிஸ்ஸௌரியில் போய்ப் பதிந்தன. வந்த ஏவுகணையை வீழ்த்தியது க்ளஸ்டர் என்ற பிரிட்டிஷ் கப்பல், தன் எதிர் ஏவுகணையால். 1996 ஜூன் மாதத்தில் ஹவாயித் தீவுகளுக்கு அப்பால் நடந்த கூட்டுப் பயிற்சியில், ஜப்பானின் யூகிரி கப்பலின் ஃபாலங்க்ஸ், கயிற்றில் கட்டி இழுத்துச் சென்ற இலக்கைச் சுடுவதற்குப் பதிலாக இழுத்துச் சென்ற அமெரிக்க விமானத்தையே சுட்டு வீழ்த்தியது. விமானிகள் இருவரும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஆக, ஏவுகணை விஷயத்தில் இந்தப் பீரங்கியின் பெருஞ்சிக்கல் உலோகத்திலோ வேகத்திலோ இல்லை. விசையைத் திறந்துவைக்கும் விரலில் இருக்கிறது என்று துணிந்து கூறுவேன். அந்த விரல் ஐந்து விநாடிக்குள் அசையவேண்டியதில்லை. அது ஐந்து மணி நேரத்துக்கு முன்னரே அசைந்திருக்கவேண்டும். கோயம்புத்தூர் ரெட்ஃபீல்ட்ஸில், கப்பலின் பெயரைத் தாங்கிக்கொண்டு கடலைவிட்டு வெகுதூரத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். அக்ரணி என்ற கடற்படைப் பள்ளியில், மாலுமிகளுக்கும் அவர்களை நடத்தும் சிறு அதிகாரிகளுக்கும் தலைமைப் பண்பு பயிற்றுகிறார்கள். கடற்படை தன் தலைமைப் பயிற்சியைக் கடலில்லாத கொங்குச் சீமையில் வைத்திருப்பது வேடிக்கை என்று சிறு வயதில் நினைத்ததுண்டு. முக்கியமான முடிவுகள் அலையில்லாத இடத்தில், முன்கூட்டியே எடுக்கப்படவேண்டியவை என்று தெரிந்த பின் அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

இதுவரை ஏவுகணை. சிறு படகு வேறு ஜாதி; அதன் தர்க்கமே வேறு. 2000 அக்டோபர் 12-இல் ஏடன் துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த கோல் என்ற அமெரிக்கக் கப்பலின் விலாவில், வெடிமருந்து ஏற்றிய சிறு படகொன்று நிதானமாக வந்து ஒட்டி வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தனர். அமெரிக்கர் அன்று கண்டு அதிர்ந்ததை நம் பக்கத்துக் கடல் பத்தாண்டுக்கு முன்னரே கண்டிருந்தது: 1990 ஜூலையில் வல்வெட்டித்துறைக்கு அப்பால் இலங்கைக் கடற்படைக் கப்பல் ஒன்றின்மீது விடுதலைப் புலிகளின் வெடிபடகு மோதியது. அதன் பின் இரு தசாப்தங்கள், தாழ்ந்த உடலும் வேகமான எஞ்சினும் கொண்ட படகுகள் கூட்டங்கூட்டமாக வந்து, அவற்றினிடையே ஒன்றிரண்டு வெடிபடகுகளும் ஒளிந்து வரும் போர்முறை இலங்கைக் கடலில் வளர்ந்தது. பெரிய பீரங்கி இதற்கு உதவவில்லை. இலங்கைக் கடற்படை இஸ்ரேலிலிருந்து டைஃபூன் என்ற நிலைப்படுத்திய பீரங்கி மேடைகளை வாங்கித் தன் வேகப் படகுகளில் பொருத்தியது. பிற்பாடு, படகுக்குப் படகே மருந்து என்று தானும் சிறு படகுகளை நூற்றுக்கணக்கில் கட்டிக்கொண்டது.

நிலைப்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். கப்பல் 5 பாகை சாய்ந்தால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் குறி 87 மீட்டர் விலகிவிடும். கையால் பிடித்த துப்பாக்கியோடு ஆடும் தளத்தில் நிற்கிறவன் அலையைச் சுடுகிறானே ஒழியப் படகைச் சுடுவதில்லை. சுழலினி என்னும் ஜைரோவும் மோட்டாரும் சேர்ந்து, கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் குழலை மட்டும் அடிவானத்துக்குச் சமமாகப் பிடித்துவைத்துவிட்டால், சுடுகிறவன் உள்ளே பத்திரமான அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு சுடலாம். திருச்சியிலுள்ள படைக்கலத் தொழிற்சாலை இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தைப் பெற்றுச் செய்யும் பீரங்கி இத்தகையதே: 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி, பகல் காமிரா, வெப்பக் காமிரா, லேசர் தூரமானி, எல்லாம் ஒரே மேடையில். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது திருச்சி, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின்கீழ் வந்தது. 2024 பிப்ரவரி 14-இல் இராணுவ அமைச்சகம் அக்கம்பெனியோடு, கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்குமாக இத்தகைய துப்பாக்கிகள் 463-க்கு 1,752 கோடி ரூபாயில் ஒப்பந்தம் செய்துகொண்டது. உள்நாட்டுப் பங்கு 85 சதவிகிதத்துக்கு மேல்.

அந்தக் காலத்தின் மற்றச் செய்திகளையும் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். 2024 ஜனவரி 30-இல் செங்கடலில் கிரேவ்லி என்ற அமெரிக்கக் கப்பல், ஹூதிகள் ஏவிய ஏவுகணை ஒன்றைச் சுமார் ஒரு மைல் தொலைவில், தன் ஃபாலங்க்ஸால் வீழ்த்தியது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பீரங்கி தன் பிறவிக் கடனைத் தீர்த்த அபூர்வ தருணம் அது. மறுநாள் இரவு, கிரிமியாவின் மேற்குக் கரையில், இரண்டு ஏ.கே.-630 தாங்கிய இவனோவெட்ஸ் என்ற ருஷ்ய ஏவுகணைக் கப்பலை, உக்ரேனியரின் ஆளில்லாச் சிறு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதி மூழ்கடித்தன. நம்முடைய இன்றைய வீர் வகைக் கப்பல்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பீரங்கியும் அதே பீரங்கி. ஆகாயத்தில் வரும் வேகப் பொருளை அடையாளங்காணப் பழக்கப்பட்ட கண், இருட்டில் அலைகளின் சிதறலுக்குள் பதுங்கி வரும் தாழ்ந்த படகை அவ்வளவு சுலபமாகப் பிரித்தறிவதில்லை.

ஏவுகணைக்கு 5 விநாடி என்றோமே. சிறு படகுக்கு எவ்வளவு? 40 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வீதம் வரும் படகு ஒரு கிலோமீட்டரைக் கடக்க 50 விநாடி பிடிக்கும். பத்து மடங்கு அவகாசம். நல்ல பீரங்கிக்கு அதில் இரண்டு மூன்று விநாடியே போதும். மிச்சம் நாற்பத்தைந்து விநாடிக்குக் குறையாமல் மனிதனுக்கு உரியது. அந்த நாற்பத்தைந்து விநாடியில் அவன் தீர்மானிக்கவேண்டிய கேள்வியோ ஏவுகணை விஷயத்தில் எழாத கேள்வி. ஒலிவேகத்தில் அலைமேல் தவழ்ந்து வருவது மீன்பிடிப் படகாக இருக்கமுடியாது. 40 நாட்டில் வருவது இருக்கலாம். ஏவுகணையிடம் விரல் தாமதித்தால் மாலுமி சாகிறான். படகிடம் விரல் அவசரப்பட்டால் செம்படவன் சாகிறான். இரண்டு காவலும் ஒரே தளத்தில், ஒரே தளபதியின் கீழ் நிற்கின்றன.

2012 ஜூலை 16-இல் இந்தக் கேள்விக்குத் துபாய்க் கரையில் ஒரு விடை கிடைத்தது. ஜெபல் அலி துறைமுகத்துக்கு அருகே, ராப்பஹானக் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலை நோக்கிச் சிறிய மோட்டார்ப் படகு ஒன்று வந்தது. கப்பலின் காவலர் 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். படகில் இருந்தவர்கள் மீன் பிடிக்கப் போனவர்கள். மாண்ட ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். வேறு மூவர் காயமுற்றனர். எச்சரித்தும் கேளாமல் வேகமாக நெருங்கி வந்தார்கள் என்றது அமெரிக்கக் கடற்படை. எச்சரிக்கை எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்றனர் பிழைத்தவர்கள். கோல் கப்பலின் நினைவு அந்தக் காவலரின் விரலில் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நினைவுக்கு விலை கொடுத்தது ஏடனை ஒருநாளும் கண்டிராத ஒரு குடும்பம்.

அந்தத் துப்பாக்கியின் குழல் விட்டமும் திருச்சியில் உருவாவதன் குழல் விட்டமும் ஒன்றே. திருச்சியில் செய்யப்படுபவை பெரும்பாலும் காவல் காக்கப்போவது நம் கடற்கரைகளை. அந்தக் கடற்கரைகளிலோ, இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும், பல இரவுகளில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் விளக்கேற்றியும் ஏற்றாமலும் கடலில் இறங்குகின்றன. கடலோரக் காவல்படையின் கப்பலில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவன், அப்படகுகளுள் ஒன்று தன்னை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும், முன்சொன்ன நாற்பத்தைந்து விநாடியைச் செலவிடவேண்டியிருக்கிறது. கையால் பிடித்த பழைய துப்பாக்கியிடம் இருந்த ஒரு தற்காப்பு அதன் குறி தவறுவதே. நிலைப்படுத்திய துப்பாக்கியில் அந்தத் தற்காப்பு இல்லை. குறி தவறாத யந்திரத்தைக் கையில் கொடுத்தவர்கள், தவறாகத் தீர்மானிக்காத மனிதனைத் தயார்செய்யவும் அதே அளவு செலவு செய்தாகவேண்டும். செய்கிறார்களா என்பதை ஒப்பந்தத் தொகை சொல்வதில்லை.

விசைப்படகுகளின் முகப்பில் இந்தியாவையும் மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்கும் பதிவெண் பெரிய எழுத்தில் தீட்டியிருக்கும்: ஐ.என்.டி., டி.என்., 10, பிறகு படகின் எண். பகல் காமிராவில் இதைப் படித்துவிடலாம். படித்தவன் விரலை எடுத்துவிடுவான். வெப்பக் காமிரா வர்ணத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. இரவில் அதன் திரையில் எஞ்சின் வெண்மையாக ஒளிரும். வலையை இழுக்கும் மனிதர்களின் உடம்புகள் வெண்மையாக ஒளிரும். அவர்களுக்கு நடுவே குளிர்ந்த பலகையில் தீட்டிய எழுத்துகள் பெரும்பாலும் தெரிவதில்லை.